பரிகாரம் சொல்லாத ஜாதகம்

78, 33, 0.

ஒரு ஆய்வின் முடிவு இந்த மூன்று எண்கள். 2007 நவம்பரில் ஜாமா இதழில் வெளியானது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலி ஷ்வார்ட்ஸ், பெரி கிரிக்ஸ்பி உள்ளிட்ட நான்கு பேர் செய்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் முடித்த 92 பெண்களுக்கு, ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து பெட் ஸ்கேன் எடுத்தார்கள். 65 பேரின் படத்தில் நோய் எங்கும் ஒளிரவில்லை. 15 பேருக்குப் பழைய இடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. 12 பேருக்கு நோய் மேலும் பரவியிருந்தது. மூன்று ஆண்டுகள் நோய் முற்றாமல் இருக்கும் வாய்ப்பு முதல் குழுவில் 78 சதவீதம், இரண்டாவதில் 33, மூன்றாவதில் 0.

சிகிச்சை முடிந்து மூன்றே மாதத்தில் எடுத்த ஒரு படம் அடுத்த மூன்று வருஷத்தைப் பிரித்துக் காட்டுகிறது. இதைப் பார்த்து உற்சாகம் வராதவர்கள் யாரும் இல்லை. எனக்கும் வந்தது. இது நல்ல ஆய்வு, முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தது. என் சண்டை இதோடு இல்லை. இதற்குப் பின்னால் கிளம்பிய கணிப்புக் கூட்டத்தோடுதான். அந்தக் கூட்டத்தில் டாக்டர்களைவிடச் சத்தமாகப் பேசுகிறவர்கள் என் தொழில்காரர்கள், அதாவது மென்பொருள்காரர்கள். அதனால்தான் இதை எழுதும் உரிமையும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

முதலில் இந்த ஸ்கேன் என்ன பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

புற்றுச்செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் அது குளுக்கோஸை நொதிக்கவைத்தே பெருமளவு செலவழிக்கிறது என்று 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் கண்டார். அந்த வழி சிக்கனமானது இல்லை. ஆகவே அதற்கு நிறையச் சர்க்கரை வேண்டும். பெட் ஸ்கேன் இந்தப் பசியைத்தான் படம் பிடிக்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டி எஃப்.டி.ஜி. என்றொரு பொருளைத் தயாரிக்கிறார்கள். செல் அதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் செரிக்க முடியாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஃப்ளூரின்-18இன் அரைவாழ்வு ஏறக்குறைய 110 நிமிடம். அதாவது மருந்து தயாரான நிமிடத்திலிருந்தே கரைய ஆரம்பித்துவிடும். நோயாளி சில மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஸ்கேன்.

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் முக்கியமாக உருவத்தைக் காட்டுபவை. கதிர்வீச்சு முடிந்த இடத்தில் தழும்பும் வீக்கமும் இருக்கும். உருவத்தை மட்டும் வைத்து அங்கே இருப்பது உயிரோடு இருக்கும் புற்றா, செத்துப்போன தசையா என்று சொல்வது சிரமம். பசி இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு சொல்லலாம். ஆனால் கதிர்வீச்சால் வரும் அழற்சியும் சர்க்கரை தின்னும். அது அடங்கட்டும் என்றுதான் மூன்று மாதம் காத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தை ஒரு பெண் எப்படிக் கழிப்பாள் என்பது எந்த ஸ்கேனிலும் வராது.

*

இப்போது அந்த மூன்று எண்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலில் 0. கேட்டதும் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் யோசியுங்கள்: அந்த 12 பேருக்கும் ஸ்கேன் எடுத்த நாளிலேயே நோய் முன்னேறியிருந்தது. 'மூன்று வருஷம் நோய் முன்னேறாமல் இருப்பார்களா?' என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது. இந்த இடத்தில் ஸ்கேன் எதையும் கணிக்கவில்லை, நடந்து முடிந்ததைக் கண்டுபிடித்தது. கண்டுபிடிப்பதும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணிப்பதும் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. என் தொழிலில் விடைத்தாளின் ஒரு பகுதி கேள்வித்தாளிலேயே கசிந்துவிடுவதை 'லீக்கேஜ்' என்போம். அப்படி ஒரு மாடல் நூற்றுக்கு நூறு எடுத்தால் கைதட்ட மாட்டோம், சந்தேகப்படுவோம். ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. அந்த 0ஐ மட்டும் பிடுங்கிக்கொண்டு போய் 'பெட் ஸ்கேன் எதிர்காலத்தைச் சொல்லும்' என்று பேசுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

அடுத்து 78. 'ஸ்கேன் சுத்தமா இருக்கும்மா, கவலைப்படாதீங்க' என்று ஒருவர் சொல்வார். அந்தச் 'சுத்தமா' என்ற சொல்லுக்குள் 22 சதவீதம் ஒளிந்திருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத அளவில் மிஞ்சிய செல்கள் எந்தக் கேமராவிலும் விழாது.

கடைசியாக 33. உண்மையிலேயே கணிப்பு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். நோய் போகவும் இல்லை, பரவவும் இல்லை, நடுவில் நிற்கிறது. இங்கேதான் முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்கு மதிப்பு இருக்கும். ஆனால் அந்தக் குழுவில் இருந்தவர்கள் 15 பேர். ஒரே ஒரு பெண்ணின் கதை வேறு மாதிரி முடிந்திருந்தால் அந்த எண் ஆறேழு புள்ளி நகர்ந்திருக்கும். ஆராய்ச்சியின் தொடக்கத்துக்கு 15 பேர் போதும். ஒரு மனுஷியிடம் 'உங்களுக்கு 33' என்று சொல்லப் போதாது.

*

சரி, எண்கள் சிறியவை. பெரிய டேட்டா வந்தால் சரியாகிவிடாதா? என் நண்பர்கள் உடனே கேட்பது இதைத்தான்.

2007லேயே அதே செயின்ட் லூயிஸ் குழு 287 பெண்களை வைத்து இன்னொரு கட்டுரை வெளியிட்டது. சிகிச்சைக்கு முன்னால் எடுத்த பெட் படத்தில் கட்டியின் எஸ்.யூ.வி. எவ்வளவு என்று பார்த்தார்கள். எஸ்.யூ.வி. என்பது போட்ட மருந்தின் அளவையும் உடல் எடையையும் கழித்துவிட்டு, ஒரு இடம் எவ்வளவு உறிஞ்சியது என்று சொல்லும் எண். மருந்து உடம்பு முழுக்கச் சமமாகப் பரவினால் எல்லா இடத்திலும் 1 வரும். கட்டியில் 5.2க்குள் இருந்தவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 95 சதவீதம். 13.3ஐத் தாண்டியவர்களில் 44.

ஒரு எண்ணை வைத்தே இவ்வளவு என்றால், அதே படத்திலிருந்து நூற்றுக்கணக்கான எண்களைப் பிழிந்தெடுத்தால்? கட்டியின் வடிவம், ஓரங்களின் சொரசொரப்பு, ஒளியின் ஏற்ற இறக்கம் என்று ஒவ்வொன்றையும் கணித அளவாக்கிக் கணினிக்குத் தின்னக் கொடுக்கும் இந்த வேலைக்கு 'ரேடியோமிக்ஸ்' என்று பெயர். கேட்கவே மயக்கமாக இருக்கும். ஒரு சராசரி மென்பொருள்காரனுக்கு வார இறுதியில் செய்துபார்க்கக்கூடிய வேலை. மாடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சில தரவுகளும் கிடைக்கின்றன, கடைசியில் ஏ.யூ.சி. என்று ஒரு மதிப்பெண் வரும். அது 0.8ஐத் தாண்டினால் கட்டுரை எழுதலாம்.

இதுல என்ன பிரச்சினை? முதல் பிரச்சினை எண்ணிக்கை. நூறு நோயாளிகள், ஐந்நூறு அளவுகள் என்றால் ஏதாவது ஒரு கூட்டணி பழைய தரவோடு பொருந்தியே தீரும். நூறு பேரின் ஜாதகத்தையும் ரேஷன் கார்டு எண்ணையும் கொடுத்தாலும் ஒரு பொருத்தம் கிடைக்கும். இரண்டாவது பிரச்சினை அளவுகோல். எஸ்.யூ.வி. என்பது தராசில் வைத்த எடை மாதிரி கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அது மாறும். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நடுவே அறுபது நிமிடத்துக்குப் பதில் தொண்ணூறு ஆனால் மாறும். ஸ்கேனரும் அதன் மென்பொருளும் மாறினால் மாறும். கருப்பைவாய்க்கு இன்னொரு தொல்லை: எஃப்.டி.ஜி. சிறுநீரில் வெளியேறும், சிறுநீர்ப்பை சரியாக முன்னால் உட்கார்ந்திருக்கும். சிறுநீர் கழிக்காமல் படுத்தால் அதன் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூழ்கடித்துவிடும். செயின்ட் லூயிஸில் 13.3 என்று கிழித்த கோட்டை அப்படியே இன்னொரு ஊரில் கொண்டுபோய் வைக்க முடியாது.

ஆனால் இவையெல்லாம் தொழில்நுட்பக் குறைகள். இன்றில்லாவிட்டால் நாளை சரிசெய்துவிடலாம். என் கோபம் அங்கே இல்லை. எல்லாம் சரியான பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது.

ஒருமுறை மருத்துவத் தரவு பற்றிய சிறு கூட்டம் ஒன்றில் இப்படிப்பட்ட மாடலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகள் பிரிந்து நின்றார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு நர்ஸக்கா எழுந்தார். "சிவப்புன்னு வந்தா அடுத்து என்ன சார் பண்ணணும்?" மேடையில் இருந்தவர் சிரித்தபடி, "அது டாக்டரோட முடிவு மேடம். நாங்க ரிஸ்க் மட்டும்தான் சொல்வோம்" என்றார். அக்கா உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஸ்லைடு வந்தது.

நம்மூர் ஜோசியரை எவ்வளவு கிண்டல் செய்திருப்போம். அவர்கூட தோஷம் என்று சொன்னால் கூடவே ஒரு பரிகாரம் சொல்வார். ஒரு கோயிலுக்குப் போ, விளக்கு போடு. அது பலிக்காது, சரி. ஆனால் வந்தவளை வெறும் தோஷத்தோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற நாகரிகம் அந்தத் தொழிலில் இருக்கிறது. பரிகாரம் சொல்லாமல் ஜாதகம் மட்டும் வாசிப்பதை அறிவியல் என்று அழைக்கும் துணிச்சல் நமக்குத்தான் வந்திருக்கிறது.

*

நான் கணிப்புக்கே எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதே பெட் ஸ்கேனிலிருந்தே உதாரணம் தருகிறேன்.

தலை, கழுத்துப் புற்றுநோயில் கழுத்துக் கணுக்களுக்கு நோய் அதிகம் பரவியிருந்தால், கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகும் கழுத்தைத் திறந்து கணுக்களை எடுப்பது வழக்கமாக இருந்தது. பெரிய அறுவை. தோள் தூக்க முடியாமல் போகலாம். பிரிட்டனில் 564 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போலத் திட்டமிட்ட அறுவை. மறு பாதிக்கு 12 வாரம் கழித்து பெட் ஸ்கேன், அதில் சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை. 2016இல் முடிவு வந்தது. இரண்டாண்டு உயிர்வாழ்வு ஸ்கேன் குழுவில் 84.9 சதவீதம், அறுவைக் குழுவில் 81.5. கத்தி வைக்கப்பட்டவர்கள் அறுவைக் குழுவில் 221 பேர், ஸ்கேன் குழுவில் 54 பேர் மட்டும். அதே ஆண்டு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில், இரண்டு சுற்று கீமோவுக்குப் பின் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நுரையீரலைக் கெடுக்கும் பிளியோமைசின் மருந்தை மிச்சச் சுற்றுகளில் விட்டுவிடலாம் என்று இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது.

இந்த இரண்டிலும் என்ன நடந்தது என்று கவனியுங்கள். படம் 'நல்லது' என்றால் இதைச் செய், 'கெட்டது' என்றால் அதைச் செய் என்று முதலிலேயே எழுதிவைத்தார்கள். பிறகு அந்த விதியைத்தான் சோதித்தார்கள், படத்தின் துல்லியத்தை மட்டும் அல்ல. பரிகாரத்தோடு சேர்த்துத்தான் ஜாதகத்துக்கு மார்க் போட்டார்கள்.

கருப்பைவாய்க்கு வருவோம். இங்கே பரிகாரமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. நோய் மையத்தில் மட்டும் திரும்பியிருந்து வேறெங்கும் பரவவில்லை என்றால், இடுப்புக்குள் இருக்கும் உறுப்புகளைச் சேர்த்து எடுத்துவிடும் ஒரு அறுவை உண்டு. 1948இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் அதைப் பதிவு செய்தார். கொடூரமான அறுவைதான், சிறுநீரும் மலமும் வயிற்றில் போட்ட துளை வழியாக வெளியேற வேண்டியிருக்கும். ஆனால் சிலருக்கு அதுதான் பிழைக்கும் ஒரே வழி. யாருக்கு அது வீண் என்று முன்னாலேயே சொல்ல பெட் ஸ்கேன் நிஜமாகவே உதவும். சிகிச்சைக்கு முன்னால் எடுக்கும் ஸ்கேனும் அப்படித்தான். எந்தக் கணுக்களில் நோய் இருக்கிறது என்று பார்த்துக் கதிர்வீச்சின் எல்லையை நீட்டலாம். நிலைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஃபிகோ 2018இல் தன் விதிகளை மாற்றி, படத்தில் தெரியும் கணுக்களையும் கணக்கில் எடுத்தது.

அதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. தைவானில் 129 பெண்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. சிகிச்சைக்கு முன் பெட் எடுத்தவர்களில் சிலருக்கு இடுப்புக்கு வெளியே நோய் இருப்பது தெரிந்தது, கதிர்வீச்சுத் திட்டமும் மாறியது. உயிர்வாழ்வு மாறவில்லை. கூடுதலாகத் தெரிந்துகொண்டால் கூடுதலாகக் காப்பாற்றிவிடலாம் என்பது நம் நம்பிக்கை மட்டுமே. அதையும் சோதிக்க வேண்டும்.

சரி, அந்த நடுவில் நிற்கும் 15 பேர்? அவர்களுக்குக் கூடுதல் கீமோ கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கதிர்வீச்சுக்குப் பிறகு கார்போபிளாட்டின், பேக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகளையும் கூடுதலாகக் கொடுத்த 'அவுட்பேக்' ஆய்வில் 900க்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு கூடுதல் மருந்தோடு 72 சதவீதம், அது இல்லாமல் 71. பலன் இல்லை. ஆனால் அதே இரண்டு மருந்துகளைக் கதிர்வீச்சுக்கு முன்னால் ஆறு வாரம் கொடுத்தது 'இன்டர்லேஸ்' என்ற ஆய்வு. 500 பெண்கள், இந்தியாவிலிருந்தும் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 72இலிருந்து 80 ஆனது. பழைய மருந்து, விலை குறைவு. மாற்றியது வரிசையை மட்டும். எந்தக் கணிப்பு மாடலும் இங்கே தேவைப்படவில்லை.

அவுட்பேக்கில் எல்லோருக்கும் கொடுத்தார்கள், ஸ்கேனில் மிச்சம் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால் பலித்திருக்கலாமே என்று ஒருவர் வாதாடலாம். நல்ல வாதம். அதைத்தான் சோதனையாகச் செய்யுங்கள் என்கிறேன். மிச்சம் இருந்தவர்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏதோ ஒன்றைச் செய்து, என்ன ஆகிறது என்று பாருங்கள். அது கஷ்டம். பல ஊர்களின் பல மருத்துவமனைகள் சேர வேண்டும், வருஷங்கள் ஆகும், பணம் வேண்டும். பழைய படங்களை மறுபடி மாடலில் போட்டு 0.81ஐ 0.83 ஆக்குவது சுலபம். அதனால்தான் சுலபமானது மலையாகக் குவிகிறது.

*

அதே 2007ஆம் ஆண்டு, செயின்ட் லூயிஸ் கட்டுரை வருவதற்குச் சில மாதங்கள் முன்னால், லான்செட் இதழில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. இடம்: திண்டுக்கல் மாவட்டம். இதை இங்கே இழுப்பதற்கு ஊர்ப்பாசம் காரணம் இல்லை. நான் சொல்லும் 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதிலை நான் பார்த்ததில்லை.

ஊராட்சிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்களுக்குப் பரிசோதனை வாய்ப்புக் கொடுத்தார்கள். சோதனை இதுதான்: பயிற்சி பெற்ற நர்ஸ் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம் சமையலறை வினிகரின் சாரத்தைத் தடவி, நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பார். வெள்ளையாக மாறும் இடம் சந்தேகத்துக்குரியது. தகுந்தவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையை அதே நர்ஸ்களே செய்தார்கள். ஒரே ஒரு தடவை செய்த இந்தச் சோதனையால் ஏழு ஆண்டுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது.

ஒப்பிடும் குழுவிலிருந்த பெண்களுக்குப் பரிசோதனை தராமல் விட்டது சரியா என்று இந்த ஆய்வின் மீது கடுமையான விமர்சனம் உண்டு. அந்த விமர்சனம் நியாயமானது, அதை மறைத்துவிட்டு இந்த ஆய்வைப் புகழக் கூடாது.

'வருமுன் காப்போம்' என்று முடிக்கத்தான் திண்டுக்கல்லுக்கு வந்தேன் என்று நினைக்காதீர்கள். நோய் வந்துவிட்ட பெண்ணிடம் அதைச் சொல்வது அயோக்கியத்தனம். நான் பார்ப்பது வேறு. வினிகர் சோதனை துல்லியமானது இல்லை. வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் நோயும் இல்லை. ஏ.யூ.சி. போட்டால் நம் மாடல்கள் அதைச் சுலபமாகத் தோற்கடிக்கும். ஆனாலும் அது உயிர்களைக் காப்பாற்றியது. காரணம், 'சந்தேகம்' என்ற சொல்லுக்கும் சிகிச்சைக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைத்துவிட்டார்கள். சுமாரான கணிப்போடு கையில் பரிகாரம் இருந்தால் பலன் உண்டு. பிரமாதமான கணிப்போடு வெறுங்கையாக நின்றால் கிடைப்பது ஒரு கட்டுரை.

*

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அதை நான் மதிக்கிறேன். 'தெரிந்துகொள்வதற்கே ஒரு மதிப்பு இல்லையா? ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் எனக்கு எவ்வளவு காலம் என்று தெரிந்தால் பிள்ளைக்குக் கல்யாணம் வைப்பேன், பத்திரத்தை மாற்றி எழுதுவேன். அதை மறைக்க நீ யார்?'

உண்மை. முல்லைப்பாட்டில் போருக்குப் போனவன் வருவானா என்று அறிய முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய் விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். அந்த நற்சொல் போரின் முடிவை மாற்றாது. காத்திருப்பவளுக்கு அது ஒரு பிடிமானம். 65 பேரிடம் 'ஒளி எங்கும் இல்லை' என்று சொல்வதிலும் அந்த மதிப்பு இருக்கிறது.

ஆனால் கெட்ட சேதிக்கும் பரிகாரம் உண்டு, அதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். குணமாகாது என்று தெரிந்த நாளிலேயே வலிநிவாரணப் பராமரிப்பைத் தொடங்கலாம். பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் பாதிப் பேருக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தப் பராமரிப்பைச் சேர்த்தார்கள். 2010இல் வந்த முடிவு: மனநிலை மேம்பட்டது, கடைசிக் காலத்தில் தீவிர சிகிச்சை குறைந்தது, சராசரியாக அதிக நாட்களும் வாழ்ந்தார்கள். இந்தியாவில் 1985இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைக்கே எட்டாததாக்கியது. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அந்த 12 பேரைக் கண்டுபிடிக்கும் மாடல் தயார் என்றால், அவர்களுக்கான மார்ஃபின் எங்கே, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் யார் என்பதும் அந்த மாடலின் பகுதியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த எண் வேறு யாருக்கோ பயன்படும். இடம் குறைவாக இருக்கும் இடத்தில் 'வாய்ப்புக் குறைவு' என்ற முத்திரை எப்போதும் வரிசையின் கடைசிக்குத் தள்ளத்தான் பயன்படும். சிவப்பு என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும் மாடல் நடுநிலையானது அல்ல.

*

உலகத்தில் 2022இல் மட்டும் ஏறக்குறைய 6.6 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. மூன்றரை லட்சம் பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 80 ஆயிரம். இவர்களில் யார் பிழைப்பார்கள் என்று கணிக்க வேண்டுமா? பெட் ஸ்கேன் இல்லாமலே கிடைக்கும் ஒரு அளவு இருக்கிறது. சிகிச்சை எத்தனை நாளில் முடிந்தது என்பது.

வெளிக்கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள், ஏறக்குறைய ஐந்து வாரம். நம் பக்கத்தில் அதை 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அதோடு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் பிராக்கிதெரபி. எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் இடுப்பில் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைகிறது என்பது 1990களிலிருந்தே தெரிந்த விஷயம். ஒரு பெண் பத்து நாள் ஏன் வரவில்லை? பஸ் காசு, நகரத்தில் தங்க இடம், வீட்டில் சமைக்க ஆள், கூலி வேலை, ரிப்பேரான மெஷின். இவற்றில் ஒன்றுகூடப் புற்றுச்செல்லின் குணம் கிடையாது. எல்லாமே மாற்றக்கூடியவை.

என் தொழில்காரர்களுக்கு நிஜமாகவே கணிக்க ஆசை என்றால் இங்கே கணியுங்கள். அடுத்த வாரம் யார் வராமல் போவார்கள் என்று சொல்லுங்கள். அதற்குச் சரியான பரிகாரம் இருக்கிறது: ஒரு போன் கால், ஒரு பஸ் டிக்கெட், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு படுக்கை, ரிப்பேரான மெஷினுக்குப் பதில் வேறு இடத்தில் ஒரு நேரம். இதில் கவர்ச்சி இல்லை. ஒளிரும் படங்கள் இல்லை. பெரிய இதழில் அட்டைப்படம் வராது.

ஸ்கேனை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. செயின்ட் லூயிஸின் அந்தப் படம் ஏழை நாட்டுப் பெண்ணுக்குத் தேவையில்லாத ஆடம்பரம் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தேவையில்லாத அறுவையிலிருந்து தப்பிக்க அவளுக்கும் உரிமை உண்டு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி எந்தக் கணிப்புக் கட்டுரை வந்தாலும், எந்த நிறுவனம் மாடலோடு மேடையேறினாலும், முதலில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். அந்த நர்ஸக்கா கேட்டதைக் கேளுங்கள். பதில் 'அது டாக்டரோட முடிவு' என்று வந்தால், வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். மீதிப் பாதியை முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.